பக்கம் மாறாத தழும்பு

பிஸ்கட் பொட்டலத்தையும் சோப்பு உறையையும் வடிவமைத்தே முப்பத்தொரு வருடத்தைச் சென்னையில் ஓட்டியவள் யூஜினியா. கணவர் ஜான் பீட்டருக்கோ காரைக்குடியில் கணக்கு வாத்தியார் வேலை. சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவார், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். இதெல்லாம் ஒரு குடித்தனமா என்று கேட்டவர்களுக்கு, “ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் பாருங்க” என்பதுதான் இருவருக்கும் ஒரே பதில். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவள் ஓய்வு பெற நாலு மாதம் இருக்கையில் மனுசர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஓய்வு பெற்று, காரைக்குடி பக்கத்து மானகிரியில் அவர் வீட்டுக்கு வந்தவளுக்குக் கம்ப்யூட்டரைக் கண்டாலே எரிச்சல். ரப்பர் மாதிரி மெத்தென்ற லினோ தகடும் கத்தியும் வாங்கி, செதுக்கி அச்செடுக்கப் பழகினாள். விரலில் காயம் இல்லாத நாளில்லை. முதல் வருட நினைவுப் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அட்டையில் அவர் முகம் தன் கையால்தான் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். போட்டோவைக்கூடப் பார்க்கவில்லை. என் புருசன் முகம் எனக்குத் தெரியாதா என்ற வீம்பு.

பூசைக்கு முந்தின நாள் மை தடவும்போதுதான் உறைத்தது. அச்சில் இடம் வலமாகிவிடும். தகட்டில் திருப்பிச் செதுக்கியிருக்க வேண்டும். ஒரு பொத்தானைத் தட்டினால் கம்ப்யூட்டர் திருப்பிவிடும் என்றே பழகியவள், மனதில் இருந்த முகத்தை அப்படியே செதுக்கித் தொலைத்திருந்தாள். இடது புருவத் தழும்பு பக்கம் மாறிப் போகுமே! இதையுமா கோட்டை விடவேண்டும் என்று அழுகை முட்டியது. புதிதாய்ச் செதுக்க நேரமில்லை. காகிதத்தை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து, உரித்தெடுத்தாள்.

எட்டிப் பார்த்த நாத்தனார் வின்சி, “மாதாவே! அண்ணன் அப்படியே இருக்காக மதினி” என்றாள்.

“தழும்பப் பாரு. பக்கம் மாறிருச்சு.”

“எங்கிட்டு மாறிருச்சு? சரியாத்தான வெட்டிருக்கீக” என்றவள், சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் இடது புருவம்தான்.

திருப்பாமல் செதுக்கியது எப்படிச் சரியாக வந்தது? அப்படியென்றால் மனதில் இருந்த முகமே இடம் வலம் மாறித்தான் இருந்திருக்கிறது.

அந்த ஞாயிறு சாயங்காலங்கள்! கிளம்புமுன் அவர் கண்ணாடி முன் நின்று தலை சீவுவார். நேரே பார்த்தால் அழுதுவிடுவோம் என்று இவள் பின்னால் நின்று கண்ணாடியில்தான் பார்ப்பாள். அவரும் கண்ணாடியைப் பார்த்தே, “வரட்டா?” என்பார்.

“நல்லாத்தான வந்திருக்கு, அப்புறம் ஏன் மதினி அழுகுறீக?”

“உங்கண்ணன நேருக்கு நேரா ஒருநாளும் ஆசை தீரப் பாக்கலையே, வின்சி” என்றாள் யூஜினியா.