சுவரில் இரண்டு தட்டு

பள்ளிவாசல் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில், காலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் குழாயில் தண்ணீர் வரும். இருபது நிமிஷத்தில் நின்றுவிடும். நான் தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டேன். அதனால் பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் வந்ததும் நடுச்சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். எழுந்துவிட்டேன் என்பதற்கு நானும் இரண்டு தட்டுவேன். மகளின் படிப்புக்காக அவளும் மனைவியும் கோவைக்குப் போனபின், என்னைத் தேடி வந்த ஒரே சத்தம் அதுதான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

லீவுக்கு வந்த மகள் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கிட்டை விட்டுப்போனாள். தீப்பெட்டி அளவில் கலர் கலராகச் சின்னப் பலகைகள். ஒன்று ஈரத்தை உணரும், ஒன்று கணக்குப் போடும், ஒன்று செல்போனுக்குச் செய்தி அனுப்பும். காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈயம் பற்றவைக்கும் வேலையே கிடையாது. இருபது வருஷம் வயரோடு மல்லுக்கட்டியவனுக்கு அது விளையாட்டுச் சாமானாகத்தான் பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தால் அப்புறம் பேச ஆளில்லை. உட்கார்ந்து ஒட்டிப் பார்த்தேன். குழாயைத் திறந்துவைத்து, ஈரப்பலகையை அதன் வாயடியில் கட்டினேன். மறுநாள் தண்ணீர் விழுந்ததும் தலையணைக்கடியில் செல்போன் அலறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் புத்தி கெட்டது. அன்றே அக்காவிடம் போய், "இனிமே நீங்க தட்ட வேண்டாம்க்கா, மிஷின் வச்சுட்டேன்" என்றேன். அவருக்கு உபகாரம் செய்கிறேன் என்று நினைப்பு.

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, கொழுந்துக்கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மிஷின் ஒரு நாளும் தவறவில்லை. டிரம் நிறைந்தது, சுவர் சும்மா இருந்தது. பத்தே நாளில் வீடு கனத்துப்போயிற்று. எதனால் என்றும் தெரிந்தது. வேண்டாம் என்று சொன்ன வாயால் மறுபடி தட்டச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆறு மாசம் அப்படியே ஓட்டினேன்.

அக்காவுக்கு சர்வீஸ் முடிந்தது. முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊருக்குச் சாமான் ஏற்றும் ஜீப்புக்குக் கட்டில் தூக்கிக் கொடுத்தபோதுதான் சொன்னார்.

"நான் தட்டுனா நீ திருப்பித் தட்டுவ. ஒத்தையில கெடக்கேன்ல, பக்கத்துல ஆளு இருக்குன்னு ஒரு தைரியம். இப்பல்லாம் தண்ணி வந்தா சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கேன்."

"தட்டியிருக்கலாமேக்கா."

"நீதான் வேண்டாம்னுட்டியே."

ஜீப் வளைவில் இறங்கும்வரை நின்றேன்.

அன்று ராத்திரி போனில் விஷயத்தைச் சொன்னதும் மகள் ஆறுதலாக, "அந்தக் கிட்டுலயே அத்தை நம்பரயும் சேத்துருங்கப்பா. தண்ணி வந்தா அவங்களுக்கும் மெசேஜ் போயிரும். எந்த ஊர்ல இருந்தாலும் போகும்" என்றாள்.

செல்போனில் தேடிப் பார்த்தேன். அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை. ஒன்பது வருஷமாக நடுவில் ஒரு சுவர்தானே இருக்கிறது என்று கேட்டு வாங்கவே இல்லை.