கடைசியில் அவள் என்ன ஆனாள்?

அமெரிக்க நாவல் பாடம் நடத்துவது ஆபத்தில்லாத தொழில் என்று நினைப்பவர்கள் அதைத் தாம்பரத்தில் நடத்திப் பார்த்ததில்லை. எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் பாதிவரை மேற்குத் தாம்பரத்தில் ஒரு டுடோரியலில், தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்தேன். கீழே ஹார்டுவேர் கடை, மாடியில் நாங்கள். வாரமெல்லாம் வேலைக்குப் போய்விட்டு, மிச்சமிருக்கும் ஒரு நாளையும் எனக்குக் கொடுத்தவர்கள் என் மாணவர்கள். அவர்களுக்கு நான் கொடுத்தது நூறு வருஷத்துக்கு முந்தைய கதைகள். எல்லாக் கதையிலும் யாரோ ஒருவர் தப்புச் செய்வார், ஊர் தீர்ப்புச் சொல்லும், கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் தன் தீர்ப்பைச் சொல்வார். என்னை மாட்டிவிட்டதெல்லாம் அந்தக் கடைசி அத்தியாயம்தான். ஒரு கதையின் முடிவைச் சொன்னபிறகு எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்து நீங்களும் எச்சில் விழுங்கியிருந்தால் நீங்களும் என் கட்சி. பக்கத்தில் உட்காருங்கள்.

யார் சாகிறார்கள்?

பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சம்பத், பரீட்சை நெருங்கியபிறகுதான் வகுப்புக்கு வர ஆரம்பித்தார். வந்து உட்கார்ந்ததும் கையைத் தூக்கினார். "மேடம், இத்தனை நாவலையும் படிக்க நேரமில்லை. கடைசியில யார் சாகறாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. நடுவுல நான் பாத்துக்கறேன்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பலகையில் எழுதினேன். முதல் நாவல்: கல்யாணத்துக்கு முன்பே காதலனை நம்பியவள், ஜுரத்தில் சாகிறாள். நம்ப வைத்தவன் கொஞ்ச நாள் வருத்தப்பட்டு வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். அடுத்த நாவல்: வீட்டை விட்டு நகரத்துக்கு ஓடியவள், அநாதையாக, அதுவும் ஜுரத்தில்தான். கூட்டிக்கொண்டு ஓடியவன் மேற்கே போய்ப் பண்ணை வாங்குகிறான்.

அடுத்ததை எழுதும்போது பின்னால் சிரிப்புச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் ஒரு பேனாகூட அசையவில்லை. எல்லோரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் இருந்தது என் கையெழுத்து என்பதால், அந்தச் சாவுகளையெல்லாம் நானே விதித்தமாதிரி எனக்குக் கூசியது. ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து நேராக வகுப்புக்கு வரும் நர்ஸ் ரோஸ்லின் மெதுவாக எழுந்தாள். "எங்க வார்டுல ரெண்டு பேருக்கும்தான் மேடம் வருது. அந்த ஊர் ஜுரம் மட்டும் ஆம்பளைங்களைத் தொடாதா?"

கதவருகே நின்றவர்

வசந்தா பீர்க்கன்கரணையிலிருந்து வருவாள். கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபிறகு விட்ட படிப்பைத் தொடர்ந்தவள். அந்த வாரம் நடந்துகொண்டிருந்த நாவலில் ஒரு பெண், தன்னை ஓயாமல் அவமானப்படுத்தும் கணவனை விட்டு ரயிலேறிப் போய்விடுகிறாள். பாதிப் பாடத்தில் கதவு திறந்தது. வந்தவர் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றார். கையில் அதே நாவல், பல பக்கங்களின் முனை மடிக்கப்பட்டு. இரண்டாவது வரிசையில் வசந்தாவின் தலை குனிந்ததைப் பார்த்ததும் அவர் யாரென்று புரிந்துவிட்டது. "நீங்கதான் இதை நடத்தறீங்களா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "கடைசியில அவ என்ன ஆனா? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

செத்துப்போய்விட்டாள் என்று சொன்னால் அந்த மனிதர் திருப்தியோடு போய்விடுவார், வசந்தாவும் அடுத்த வாரம் வருவாள். உண்மையைச் சொன்னால் அவள் உட்காரும் இடம் காலியாகிவிடலாம். வசந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை 'பொய் சொல்லிவிடுங்கள்' என்று கெஞ்சவில்லை. அதனால் சொன்னேன். "சாகலை சார். திரும்பி வரவும் இல்லை. வேற ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்துடறா. அத்தோட நாவல் முடியுது." "தண்டனை?" என்றார். "ஆசிரியர் கொடுக்கலை" என்றேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? இதைத்தான் சோறு வடிக்கும்போதுகூட கையில வச்சுக்கிட்டு நிக்கிறியா?" வசந்தா எழுந்து அவரிடம் போனாள். அடிப்பாரோ என்று சம்பத் பாதி எழுந்துவிட்டார். அவள் கணவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மடித்திருந்த முனைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பிறகு எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள். "நான் எட்டாவது அத்தியாயத்துலதாங்க இருக்கேன். அதுல அவ இன்னும் அவர்கிட்ட பேசிப் பாத்துக்கிட்டுதான் இருக்கா."

தாம்பரம் பதிப்பு

அவர் வசந்தாவை நிறுத்தவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தானே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அதற்குள் எங்கள் டுடோரியல் முதலாளி செல்லத்துரை சாரைப் பயம் பிடித்துக்கொண்டது. அவரை எல்லோரும் பிரின்ஸ்பால் என்றே கூப்பிடுவோம். 'இன்னும் நாலு புருஷன்மார் இப்படிக் கிளம்பி வந்தால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான்' என்று புலம்பினார். பரீட்சைக்கு முன்பு அவர் அச்சடித்துக் கொடுத்த கைடைப் புரட்டினேன். அதில் அந்தப் பெண் கடைசி அத்தியாயத்தில் ரயிலிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வந்து, கணவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருந்தாள். கீழே 'நீதி' என்று தடித்த எழுத்தில் வேறு.

நேரே அவர் அறைக்குப் போனேன். "இதை அப்படியே எழுதினா எல்லாரும் ஃபெயில் சார்" என்றேன். அவர் மேஜை விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். "நீங்க கோபமா இருக்கீங்க" என்றார். வகுப்பில் சரியான முடிவைச் சொல்லப்போகிறேன் என்றேன். "சொன்னீங்கன்னா அடுத்த வாரம் வரவேண்டாம்" என்றார். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு வாடகை போய்க்கொண்டிருந்தது. இருந்தும் வகுப்புக்குள் நுழைந்தேன். கைடில் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடிக்க எல்லோரிடமும் சொல்லி, அவள் திரும்பி வரவில்லை என்று பலகையில் பெரிதாக எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பினால் வாசலில் பிரின்ஸ்பால். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. பலகையைப் படித்தார், மாணவர்களைப் பார்த்தார், என்னைத் தனியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பரீட்சையில அவ எங்க வேணா போகட்டும்மா. ஆனா வெளியில யாராவது கேட்டா, தாம்பரத்துல அவ ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துட்டான்னு சொல்லிடுங்க."

சட்டமும் மனசாட்சியும்

என் மாணவர்களில் ஏழுமலை போலீஸ் கான்ஸ்டபிள். அதிகம் பேசாதவர். ஓடிவந்த ஒருவனைப் பிடித்துக் கொடுப்பதுதான் சட்டம் என்றிருக்கும் ஊரில், கதாநாயகன் அவனைத் தன் வீட்டில் ஒளித்துவைக்கும் நாவலை நடத்தினேன். ஏழுமலை கேட்டார்: "சட்டப்படி குத்தம்தானே மேடம்? பரீட்சைக்கு எதை எழுதணும், குத்தம்னா, சரின்னா?" சட்டத்தைவிட மனசாட்சி பெரிது என்று ஆசிரியர் சொல்கிறார், அதை எழுதுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை.

மறுபடி வந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது. வகுப்பு முடிந்தபிறகு சொன்னார். ஓர் ஏரிக்கரையில் குடிசைகளை இடிக்கும்போது அவரைப் பந்தோபஸ்துக்குப் போட்டிருக்கிறார்கள். வரிசையாக இடித்துக்கொண்டு வந்த புல்டோசர் ஒரு குடிசையை நெருங்கும்போது உள்ளே பச்சைக் குழந்தையின் அழுகை. எட்டிப் பார்த்தால் பிரசவித்த பெண், எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். துணைக்கு ஆள் இல்லை. அதிகாரி "ஆகட்டும், ஆகட்டும்" என்று கத்துகிறார். ஏழுமலை குடிசை வாசலில் போய் நின்றுகொண்டார். "நகருய்யா" என்றார் அதிகாரி. நகரவில்லை. புல்டோசர் டிரைவர் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் என்ஜினை உறுமவிட்டபடியே இருந்தார். பிறகு அவராகவே அணைத்தார். ஆட்டோ பிடித்துத் தாயையும் குழந்தையையும் ஏற்றி அனுப்பியபிறகுதான் ஏழுமலை நகர்ந்தார். குடிசை சாயந்திரத்துக்குள் போய்விட்டது. நான் பெருமையில் பூரித்து, "அந்தக் கதாநாயகன் மாதிரியே செஞ்சிருக்கீங்க" என்றேன். மேலதிகாரி விளக்கம் கேட்டுக் கொடுத்திருந்த மெமோ சட்டைப்பையில் இருந்தது, அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவன் ஒரு முடிவெடுத்ததும் அங்க அத்தியாயம் முடிஞ்சிடுது மேடம். எனக்கு மறுநாள் காலையில ஸ்டேஷன்ல ரோல்கால் இருந்துச்சு."

கல்லறை வரை போன அப்பா

கட்டிட ஓனர் கன்னியப்பன் உள்ளூர்க்காரர். ஒரு காலத்தில் விவசாயம், பிறகு நிலத்தை மனை போட்டு விற்று, ஹார்டுவேர் கடை. அவர் மகள் கோவளத்தில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அவர் முன்னால் யாரும் அந்த ஊர்ப் பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறுவார். ஒருநாள், மகளை வீட்டைவிட்டு விரட்டிய அப்பா, அவள் செத்தபிறகு கல்லறையில் விழுந்து கதறும் இடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஏழுமலை என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். திரும்பினேன். படிக்கட்டில் கன்னியப்பன், கையில் ஸ்பானரோடு, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

வாயை மூடினால் அவருக்காக மூடினேன் என்று தெரிந்துவிடும். தொடர்ந்தால் வேண்டுமென்றே குத்துவதாக ஆகும். தொடர்ந்தேன். கேட்டு முடித்துவிட்டு, தொட்டிக்கும் போகாமல் இறங்கிப் போய்விட்டார். மறுவாரம் கடை மூடியிருந்தது. வகுப்பைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று பிரின்ஸ்பால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு கன்னியப்பன் நேரே வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டையில் ஒரு குழந்தையின் எண்ணெய்க் கை பட்ட கறை. கோவளத்துக்குப் போனேன் என்றார். மகள் வாசலிலேயே நிற்க வைத்தாளாம், பேசவில்லையாம். வெயில் ஏறியபிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாளாம். கொஞ்சம் பொறுத்துப் பேரனைத் தூக்கிவந்து மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாளாம். "இன்னும் பேசலை. பேசுவா" என்றார். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்மேல் பாய்ந்தார். "அந்த ஆளு இன்னாத்துக்கு டீச்சரம்மா பொண்ணு சாவுற வரிக்கும் இஸ்துகினு போனான்? நடுவுலயே ஒரு பஸ்ஸு ஏறிப் போயிருந்தான்னா, அம்மாம் பெரிய புக்கு எதுக்கு?"

இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாவலாசிரியர்கள் முடிவை எழுதிவைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், அதற்குப் பதில் சொல்கிற வேலை மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் லீவில்லாத வாத்தியார் தலையில் வந்து விடிகிறது.