வாய் டாக்டர்

பயிற்சி முகாமில் அவருக்கு வைத்த பெயர் வாய் டாக்டர். டாக்டரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, மருந்தறை உதவியாளர். சாயங்காலமானால் சிப்பாய்ப் பையன்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு மலேரியா மாத்திரை கொடுத்து, விழுங்கியதும் "ஆ காட்டு, நாக்கைத் தூக்கு" என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் வேலை.

அந்தக் காட்டுக் கொசு இருக்கிறதே, சனியன், சட்டைக்கு மேலேயே கடிக்கும். பதுங்கிக் கிடக்கும் பயிற்சி என்றால் கேட்கவே வேண்டாம். வாசனை காட்டிக்கொடுக்கும் என்று கொசு மருந்து பூசக் கூடாது. சத்தம் கேட்கும் என்று அடிக்கவும் கூடாது. இமையில் உட்கார்ந்து குடித்தாலும் கட்டை மாதிரிக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பவனுக்கு இருக்கிற ஒரே காவல் அந்த மாத்திரை. அதையும் பாவிகள் துப்பினார்கள். போட்டால் பிள்ளை பிறக்காது என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டிருந்தான்.

இந்த வருடக் கூட்டத்தில் அவர் மனைவியின் தம்பியும் இருந்தான். தாயில்லாப் பிள்ளை, அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். பயிற்சி முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

முதல் நாள் அவன் முறை வந்தபோது, "மாமா, எனக்குமா? மானத்த வாங்காதீங்க" என்று சிரித்தான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். மச்சினன் வாய்க்குள் டார்ச் அடிப்பதாவது என்று அவருக்கும் கூச்சமாகிவிட்டது. "சரி சரி, போ" என்றார். அன்றைக்கு விட்டது விட்டதுதான். அதற்குப் பிறகு அவன் வாயை அவர் பார்க்கவே இல்லை.

மழைக்குப் பிறகு அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கம்பளி மேல் கம்பளி போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. மருந்தறைக் கட்டிலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, திட்டாதீங்க. எல்லாத்தையும் துப்பிட்டேன். கல்யாணம் வருதேன்னு..." என்றான்.

அவர் இன்னொரு கம்பளியை இழுத்துப் போர்த்தினார். "அடப் பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஆற்றில் வெள்ளம். வண்டி சுற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. அவர் மடியில் தலையை வைத்தபடியே உயிரை விட்டான்.

எல்லாம் முடிந்து வீட்டில் ஆட்கள் கலைந்த பிறகு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போட்டானா?"

"போட்டான்."

"வாயைத் திறந்து பாத்தீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். "பாத்தேன்."

"அப்ப நீங்கதான் என்ன செய்வீங்க, பாவம்" என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல உங்களுக்கு."

எழுந்து போய்ச் சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து, ஒரு கவளம் உருட்டி அவர் முகத்தருகே நீட்டினாள்.

"வாயைத் திறங்க" என்றாள்.

அவரால் திறக்க முடியவில்லை.