கிளமென்ட் கட்டிய மெட்டு

என் தம்பி கிளமென்ட் பாட்டு கட்டுகிறவன். சித்தூரில் எங்கள் சபையில் அவனைப்போல் இன்னொருவன் இல்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை. பதினோரு வயதிலேயே ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசித்தவன். அவன் கட்டும் பாட்டுகளை நான்தான் நோட்டில் எழுதி வைப்பேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அதே தமிழ்ச் சொற்கள் தெலுங்கு எழுத்தில். எங்கள் சபைப் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள். தமிழில் பாடுவார்கள், படிக்க வராது. மொத்தம் இருபத்துமூன்று பாட்டுகள். ஒன்றிலும் அடித்தல் திருத்தல் கிடையாது.

இருபத்துநான்காவது பாட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அம்மா தபீதாள் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் தோல் சீவும் வேலை செய்தாள். சீவும்போது கத்தியில் தோல் ஒட்டிக்கொள்ளும். மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி உதறிவிட்டு அடுத்த பழத்தை எடுப்பார்கள். அறுபது பெண்கள் அப்படித் தட்டுவதைச் சாப்பாடு கொடுக்கப் போன நாட்களில் கிளமென்ட் கேட்டிருக்கிறான். அந்த இரட்டைத் தட்டையே தாளமாக வைத்து, தினப்படி ஆகாரத்துக்கு நன்றி சொல்லும் ஒரு பாட்டைக் கட்டினான். கீபோர்டு இல்லை. ஒரு பலகை, ஒரு கத்தி, அவன் குரல்.

"டேய், இன்னாடா இது, எங்க ஷிஃப்ட்டையே பாட்டுல போட்டுக்கினு கீற!" என்று அம்மா சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

2019 ஜூலையில் அதைப் பதிவு செய்யத் திருப்பதி போனோம். அலிபிரி ரோட்டில் ஒரு ஸ்டூடியோ. அங்கே காலையில் கோவிந்த நாமப் பாட்டு, மதியம் கிறிஸ்தவப் பாட்டு. இரண்டுக்கும் ஒரே வயலின், ஒரே தபேலா. உரிமையாளர் சுதீர் முழுவதும் கேட்டார்.

"பாட்டு பாகுந்தி பாபு, நல்லாக்கீது. ஆனா இந்த டக்கு டக்கு இன்னாத்துக்கு? கார்ப்பென்டர் வேலையா? அத எடுத்துட்டு வயலின் போடலாம், நடுவுல கோரஸ் போடலாம். போன மாசம் அப்படித்தான் ஒண்ணு போட்டேன், ஆறு லட்சம் வியூஸ்."

"தட்டு இல்லன்னா இது வேற பாட்டுண்ணா."

"வேற பாட்டுதான்பா எனக்கு ஓணும்."

கிளமென்ட் என்னைப் பார்த்தான். நான் சொல்லி அவன் எதையும் மீறியதில்லை. எனக்குத் தெரிந்தது ரவிக்கை தைப்பது. அளவு ரவிக்கை கொடுத்தால் நூல் பிசகாமல் தைப்பேன். இதுவரை ஒருத்திகூடக் குறை சொன்னதில்லை.

"அவரு சொல்ற மாதிரி செய்டா. மொதல்ல பேரு வரட்டும். அப்பறம் உன் இஷ்டத்துக்குப் பாடிக்கோ" என்றேன்.

பேர் வந்தது. எட்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வியூஸ். சுதீர் அவனை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆறு வருடத்தில் நூற்று நாற்பது பாட்டுக்கு மேல் செய்துவிட்டான். எது எந்தப் பாட்டு என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நோட்டில் எழுதுவதை இருபத்துமூன்றோடு நிறுத்திவிட்டேன். "உன் பாட்ட எப்போடா பாடப்போற?" என்று ஒருமுறை கேட்டேன். "எந்தப் பாட்டுக்கா?" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன வருடம் மார்ச்சில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். முதல் வருட நினைவு ஜெபத்துக்கு ஒரு பாட்டு கட்டச் சொல்லிப் போன் செய்தேன். அம்மாவுக்காகவாவது பழையபடி கட்டுவான் என்று ஓர் ஆசை.

"சரிக்கா. எந்தப் பாட்டு மாதிரி ஓணும்? லிங்க் அனுப்பு."

"அம்மாவுக்குடா. உன் மனசுல வர்றத கட்டு."

 

"ஒண்ணும் வர்லக்கா. அம்மா செத்த அன்னிக்கே உக்காந்து பாத்தேன். வாயத் தொறந்தா சுதீர் அண்ணா டிராக்குதான் வருது. நீ ஒரு லிங்க் அனுப்பேன், அழகா செஞ்சி குடுக்கறேன்."

குரலில் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் தையலை ஒதுக்கிவிட்டு, போனில் தாய்மார் பாட்டுகளாகத் தேடினேன். பதினேழு கேட்டேன். அதிகம் பேர் பார்த்த ஒன்றை எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.