அன்னமேரி வாங்கிய யானை

சூரியநெல்லி எஸ்டேட்டில் படம் என்றால் அன்னமேரிதான். கல்யாண மேடைக்குத் தெர்மோகோலில் எழுத்து வெட்டுவது, அங்கன்வாடிச் சுவரில் முயல் வரைவது, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் பெத்லகேமை எழுப்புவது, எல்லாம் அவள் கை. பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து சாயங்காலம் அவள் தூரிகையை எடுத்தால், லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிடுவார்கள். அவள் வேண்டுமென்றே மெதுவாக வரைவாள். பார்க்கட்டுமே!

அந்தப் பெயருக்கு வேட்டு வைக்க வெளியாள் யாரும் வரவில்லை. கொழுந்தன் ஜோஜோவே சக்குபள்ளத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். ஓரகத்தி பெயர் சிஞ்சு.

சிஞ்சு தூரிகையைத் தொட்டதே இல்லை. ஃபோனில் விரலால் தேய்ப்பாள், அவ்வளவுதான். தேய்த்துத் தேய்த்து ஒரு யானை வரைந்தாள். நெற்றியில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, எடை போடும் இடத்தில் பெண்களோடு வரிசையில் நிற்கிற யானை. முன்னால் நிற்பவள் திரும்பி அதை முறைக்கிறாள், இடிக்காதே என்பதுபோல. அதை என்எஃப்டி ஆக்கி இணையச் சந்தையில் போட்டாளாம். படத்துக்கு ஒரே ஓர் உரிமைப் பத்திரம் உண்டு, கிரிப்டோ என்கிற இணையப் பணம் கொடுத்து அதை வாங்குகிறவர்தான் சொந்தக்காரர் என்று ஜோஜோ வாசல் வாசலாகப் போய் விளக்கினான். யாரும் வாங்கவில்லை. ஆனால் லயம் முழுக்க வாட்ஸ்அப்பில் அந்த யானைதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டார். "இந்த வருசம் குடிலுக்குப் பின்படம் சிஞ்சு வரையட்டும். அன்னமேரி, நீ கூடமாட ஒத்தாசை பண்ணு."

ஒத்தாசையாம் ஒத்தாசை! வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையை அன்னமேரி இறக்கி வைத்த சத்தத்தில் புருசன் யாக்கோபு வெளியே போய்விட்டார்.

அவளுக்கு வருவது எனக்கு வராதா? யூடியூபில் மலையாளத்தில் ஒருவன் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து, கிரிப்டோ வைக்க வாலட் ஒன்று தொடங்கினாள். முழுப் பெயர் போட்டு, கல்யாணச் சேலையில் எடுத்த போட்டோவும் வைத்தாள். ஆட்டுக்குட்டியோடு இயேசு, அருவி, ரோஜா என்று தன் படங்களைப் போட்டோ எடுத்து விற்பனைக்கு ஏற்றினாள். ஒரு நாயும் எட்டிப் பார்க்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. யானையை யாராவது வாங்கிவிட்டால்? பேப்பரில் வரும். அப்புறம் குடில் இந்த வருசம் மட்டுமா போகும், ஒரேயடியாகப் போகும். கொழுந்து கிள்ளும்போதும் அதே நினைப்பு, ஜெபமாலை உருட்டும்போதும் அதே நினைப்பு. கடைசியில், நானே வாங்கித் தொலைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கிறிஸ்துமஸ் சேலைக்கு வைத்திருந்ததைக் கிரிப்டோவாக மாற்றி வாங்கியே விட்டாள்.

வாங்கிய படத்தை என்ன செய்யலாம் என்று தடவிக்கொண்டிருந்தபோது, எரித்துவிடலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. உறுதியா என்று கேட்டது. உறுதிதான். அழுத்தினாள். யானை அவள் வாலட்டிலிருந்து போயே போய்விட்டது. அன்றைக்கு ஒரு கை சோறு கூடவே இறங்கியது.

மறுநாள் தேயிலைக் காட்டில், பக்கத்துச் செடி நிரையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த மாரித்தாயின் ஃபோன் அடித்தது. திரையில் அதே யானை. இதென்ன சனியன், செத்தும் நிற்கிறதே! எரிந்தது பத்திரம்தான், படம் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்குள் தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு சிஞ்சு ஓடிவந்தாள். "அக்கா! நீங்கதானாக்கா? வித்துருச்சுன்னு மெயில் வந்துச்சு. யாருன்னு பாத்தா, எங்க அக்கா பேரு!" என்று கட்டிக்கொண்டாள். வாங்கியவர் பெயர் ஊருக்கே தெரியும் என்பது அன்னமேரிக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

"ஓரகத்திக்கு இப்பிடி ஒரு மனசா!" என்றாள் மாரித்தாய். மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

"என்னைய ஒங்களுக்குப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிஞ்சு படத்தின் பக்கத்தைத் திறந்தாள். "ஒங்க பேருக்குக் கீழ அது இருக்கத இவுகளுக்கும் காட்டுறேன்."

யானை இல்லை. அது கைமாறிய கணக்கு மட்டும் வரிசையாக இருந்தது. வாங்கியவர் அன்னமேரி. எரித்தவர் அன்னமேரி.

சிஞ்சு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. "என்னடி போட்டிருக்கு?" என்று மாரித்தாய் எட்டிப் பார்த்தாள். சிஞ்சு ஃபோனை அணைத்து, "நெட்டு இல்லக்கா," என்றாள். பெண்கள் அவரவர் நிரைக்குத் திரும்பினார்கள்.

பிறகு சிஞ்சு மெதுவாகக் கேட்டாள். "அவ்வளவு மோசமாவாக்கா இருந்துச்சு?"

கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் அந்தப் பெண் நிஜமாகவே தெரியாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்னமேரிக்குத் தாங்கவில்லை.

"நல்லா இருந்துச்சுடி, சண்டாளி," என்றாள். "அதான் எரிச்சேன்."