இருபது கெட்சாலுக்கு ரொட்டி

ஒத்திலியா கோயோய் தன் அக்காள் புருஷன் பவுலினோவுக்கு ஆறாயிரம் கெட்சால் கடன்பட்டிருந்தாள். மினெர்வா சந்தையில் போன் பழுது பார்க்கும் கடை பிடிக்க, முன்பணத்துக்காக வாங்கிய கடன் அது. குருத்து ஞாயிறுக்கு முந்தைய நாள் சந்தை மூடுவதற்குள் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் கடை பவுலினோவுக்கு. அவன் அங்கே பிளாஸ்டிக் வாளி விற்பான். இந்தப் பேச்சு சந்தை முழுக்கத் தெரிந்ததுதான், ஏனென்றால் பவுலினோவே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. என் பெயர் எவாரிஸ்தோ ஷிகாரா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பதினோரு வயதில் அடுத்தவன் அடுப்புக்கு விறகு சுமந்தேன். இன்று கெட்சால்தெனாங்கோவில் என் பெயரில் மூன்று ரொட்டி அடுப்பு எரிகிறது. வங்கிக்காரன் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான். ஆளை எடை போடுவதில் நான் பிசகியதில்லை. ஒத்திலியாவை மட்டும் முதலில் கொஞ்சம் குறைத்துப் போட்டுவிட்டேன்.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஒன்பதாவது வரை படித்தவள். நூல்கடையில் கணக்கு எழுதினாள், போனுக்குக் காசு ஏற்றும் அட்டை விற்றாள், அப்புறம் போனையே பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். முதல் மாதம் பிரித்ததில் பாதியைத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் தன் காசில் வேறு போன் வாங்கிக் கொடுத்தாள். திரை விரிசல் விட்ட ஒரு கணினியில் வீடியோ பார்த்துப் பார்த்து வெப்சைட் செய்யவும் கற்றுக்கொண்டாள். ஒரு பல் டாக்டருக்கும், கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவருக்கும் செய்து கொடுத்திருந்தாள். என்னிடம் ஜனவரியில் வந்தாள்.

"தோன் எவாரிஸ்தோ, புனித வாரத்துல உங்க கடை வரிசை தபால் ஆபீஸ் வரைக்கும் போகுது. பாதிப் பேரு சலிச்சுப்போயி எதிர்க்கடைக்குப் போறாங்க. வீட்டுல இருந்தே ஆர்டர் போடட்டுமே."

"வரிசை நின்னாத்தான் கடைக்கு அழகு, தோஞா ஒத்திலியா."

"எதிர்க்கடைக்குப் போறவங்க முதுகுலயும் அந்த அழகு தெரியுதா?"

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் விலை கேட்டேன். ஆறாயிரத்து ஐந்நூறு என்றாள். நான் சும்மா காசு கொடுக்கிற ஆளா? ஒரு நிபந்தனை போட்டேன்.

"புனித வாரத்துக்கு முந்தின ஒரு வாரம் ஆர்டர் எடுப்போம். அந்த வாரத்துல, இதுல எப்படி ஆர்டர் போடறதுன்னு கேட்டு ஒருத்தர் எனக்கு போன் பண்ணாலும் உங்களுக்குக் காசு கிடையாது."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

அவள் கையை நீட்டினாள். குலுக்கினோம்.

பிப்ரவரியில் சோதனைக்கு என்று முதல் வெப்சைட் வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. கறுப்புப் பின்னணியில் என் ரொட்டிகள் நகைக்கடை நகை மாதிரி மின்னின. மின்னஞ்சல் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, எத்தனை வேண்டும் என்று கேட்டது. பெரிய ஊர்க் கடைகளில் எப்படியோ அப்படியே செய்திருந்தாள். நானும் தெருவெல்லாம் போய்ப் பெருமை பேசினேன்.

மறுநாள் விடியற்காலையில் பதினோரு ஆர்டர். கோயில் மணி அடிக்கும் தோன் ரோமுலோ இருபது வரிசை பிரெஞ்சு ரொட்டி கேட்டிருந்தார். எங்கள் கடையில் ஒரு வரிசை என்றால் ஒட்டிக்கொண்ட பத்து ரொட்டி, பத்து கெட்சால். ஆக இருநூறு ரொட்டி. தையற்கடைக்காரி இருபத்தைந்து வரிசை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று அடுப்பையும் மூட்டச் சொன்னேன்.

எட்டு மணிக்கு தோன் ரோமுலோ ஒரு சின்னத் துணிப்பையோடு வந்தார். மேசைமேல் இருந்த மலையைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"நானும் என் பொண்டாட்டியும் ரெண்டு பேருதான், தோன் எவாரிஸ்தோ. அவளுக்குப் பல்லும் கிடையாது."

"இருபதுன்னு போட்டீங்களே?"

"ஆமா. இருபது கெட்சாலுக்கு. ஞாயித்துக்கிழமைக்குன்னா அவ்வளவுதானே எப்பவும் வாங்குவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் யாரும் ரொட்டியை எண்ணிக் கேட்பதில்லை. "அஞ்சுக்கு பிரெஞ்சு, மூணுக்கு இனிப்பு" என்றுதான் கேட்பார்கள். நாற்பது வருஷமாக என் காதில் விழுவதும் அதுதான். கட்டத்தைப் பார்த்ததும் எல்லோரும் காசைத்தான் எழுதியிருந்தார்கள். மொத்தத் தொகை கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் கிடந்தது. அங்கே யார் பார்ப்பார்கள்? பதினோரு ஆர்டரும் அப்படியே. அன்று என் ரொட்டியைத் தின்றவர்களில் மருத்துவமனை நோயாளிகளும் சிறைக்கைதிகளும் அடக்கம். தர்மம் செய்தேன் என்று ஊர் மெச்சியது. நானும் மறுக்கவில்லை.

ஒத்திலியாவைக் கூப்பிட்டு உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவள் அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை.

"தப்பு என்னுதுதான். நான் கடையப் பாக்காம மத்தவங்க வெப்சைட்டப் பாத்துச் செஞ்சுட்டேன். மூணு நாள் காலையில உங்க கல்லாவுக்குப் பின்னாடி நிக்க விடுங்க."

"நின்னு?"

"கேக்கறேன். ஆனா இருநூறு ரொட்டியும் தோன் ரோமுலோவுக்குன்னு நம்பினீங்களே, அது யாரு தப்பு?"

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்று நாளும் நாலரை மணிக்கு வந்து நின்றாள். யார் எப்படிக் கேட்கிறார்கள், எந்த வார்த்தை, எந்த வரிசையில், எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். கண்ணாடி மறந்து வந்த கிழவரிடம் போனைக் கொடுத்து எழுத்து தெரிகிறதா என்று கேட்டாள். வெங்காயம் விற்கும் தோஞா தெக்லா ஈரக் கையோடு திரையைத் தொட்டபோது, விரல் எங்கே பட்டது, எங்கே வழுக்கியது என்று குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது வெப்சைட்டில் கறுப்பு இல்லை, கடவுச்சொல் இல்லை. போன் எண் மட்டும் கேட்டது. முதல் பக்கத்தில் காசுகளின் படம்: ஒன்று, ஐந்து, பத்து, இருபது. காசைத் தொட்டு ரொட்டியைத் தொட்டால், துணி போர்த்திய கூடைக்குள் அத்தனை ரொட்டி வந்து விழும். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் தொகை. சிவக்க வேண்டுமா, வெள்ளையாக வேண்டுமா என்று ஒரு கேள்வி. பொத்தான் ஒவ்வொன்றும் வெங்காயக்காரியின் கட்டைவிரல் அகலம்.

புனித வார ரொட்டிக்குத் தனிப் பக்கம் செய்தாள். அந்த வாரம் யாரும் காசுக்கு வாங்குவதில்லை. இத்தனை ராத்தல் மாவு என்று சொல்லி, குடும்பத்துக்கும் ஞானப்பெற்றோருக்கும் சேர்த்துக் கூடை கூடையாகச் செய்து வாங்குவார்கள். ஆகவே மாவு எத்தனை ராத்தல் என்று கேட்டது. அடுத்த கேள்வியைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது.

"முட்டை உங்களுதா, கடையோடதான்னு எதுக்குப் போட்டிருக்கீங்க? எம்மேல சந்தேகமா?"

"எனக்கில்ல. உங்க வாடிக்கைக்காரங்களுக்கு. பாதிப் பேரு முட்டைய வீட்டுலேருந்துதானே கொண்டுவராங்க? நீங்க எண்ணிக்கையில கைய வச்சிருவீங்கன்னு பயம்."

"யாரு சொன்னா?"

"மூணு நாளா ஒவ்வொருத்தரும் சொன்னாங்க. நீங்க உள்ள போன நேரமாப் பாத்து."

கேள்வி அப்படியே இருந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம் ஆர்டர் எடுத்தோம், நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஷேலா என்று செல்லமாகச் சொல்லும் எங்கள் ஊரில் வேறெந்த பேக்கரிக்காவது வந்திருந்தால் காட்டட்டும். போனை நான் பக்கத்திலேயே வைத்திருந்தேன். திங்கள் ஒலிக்கவில்லை. வியாழன் ஒலித்தது, என் மகள்தான். சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒத்திலியா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சந்தை ஆறு மணிக்கு மூடும். பவுலினோ அவள் கடைமுன் வாளிகளை இறக்கி வைத்துவிட்டான் என்றாள்.

நாலே முக்காலுக்கு போன் அடித்தது. தோஞா தெக்லா. ஒத்திலியாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"தோன் எவாரிஸ்தோ, இது நல்லா இல்ல, சொல்லிட்டேன்."

"என்ன தோஞா தெக்லா, ஆர்டர் போடத் தெரியலையா? வெக்கப்படாம சொல்லுங்க."

"எனக்கா தெரியாது? அடுப்புல சோளம் வேகறதுக்குள்ள போட்டு முடிச்சுட்டேன். இருபத்தஞ்சு ராத்தல் மாவு, முட்டை என்னுது, பாதி வெல்லம் வச்ச ஷேகா ரொட்டி. கணக்கெல்லாம் சரியாத்தான் காட்டுது. கொசுறு எங்க? உங்ககிட்ட வாங்குற காலத்துலேருந்து நீங்க கூடைமேல நாலு ஷேகா சும்மா வைப்பீங்க. உங்க மிஷினு உங்களைவிடக் கஞ்சமா இருக்கே."

"நான் பாத்துக்கறேன், வைங்க" என்று சொல்லிவிட்டு ஒத்திலியாவைப் பார்த்தேன். அவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"போன் வந்துருச்சு" என்றேன்.

"வந்துச்சு. எப்படிப் போடறதுன்னு கேட்டாங்களா?"

"வெப்சைட்டப் பத்தித்தானே கேட்டாங்க?"

"மிஷினைப் பாத்து யாராச்சும் கொசுறு கேப்பாங்களா, தோன் எவாரிஸ்தோ? அவங்க கடைக்குள்ள நிக்கறதா நெனச்சுப் பேரம் பேசறாங்க. அதுக்குத்தானே நான் மூணு நாள் உங்க கல்லாவுக்குப் பின்னாடி நின்னேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்து தோஞா தெக்லாவின் குரல் வந்தது. அவர் இன்னும் வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் காசு குடுக்கலையா? நாளைக்குக் கோயில் வாசல்ல, குருத்தோலையோட எல்லாரும் நிக்கும்போது கேக்கறேன், இருங்க."

பயந்து கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் விறகு சுமந்த காலத்தில் மாதக் கடைசியில் ஏதாவது ஒரு குறை சொல்லிக் கூலியைப் பிடித்துக்கொண்டவனை நான் மறந்ததில்லை. அவன் பேக்கரி இன்று இருந்த இடம் தெரியவில்லை. கல்லாவைத் திறந்து நூறு நூறாக எடுத்தேன். மாவு ஒட்டிய நோட்டுகள், சில இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டன. ஒத்திலியா கையை விரித்து நீட்டினாள். ஒட்டியவற்றை விரலால் பிரித்துப் பார்த்துக்கொண்டாள். நான் வாய்விட்டு எண்ணினேன். மணி ஐந்து பத்து. அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு, அறுபத்தைந்து என்று கடைசி நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.