அரசன் மேல் எழுதிய பட்டியல்

மகளுக்குப் பதினெட்டு முடிந்த கிழமையே நகரசபைக்குப் போனோம். பலேர்மோவில் பிறந்தவள், இத்தாலியப் பிரஜையாக விரும்புகிறேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைக்கு இந்த நாட்டில் பதிவு இல்லையாம். பிறந்ததிலிருந்து இடைவிடாமல் இங்கே இருந்திருந்தால்தான் அந்தக் கையெழுத்துச் செல்லுமாம்.

அந்த இரண்டு வருடமும் அவள் மன்னாரில் என் அக்காவிடம் இருந்தாள். அனுப்பியது நான்தான். அவளுடைய தகப்பன் எங்களை விட்டுப் போய்விட்டார். எனக்கு ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டிலேயே தங்கி வேலை. பிள்ளையோடு வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எங்களில் எத்தனையோ பேர் இப்படிப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிப் பிறகு திரும்பக் கூப்பிட்டு எடுத்தார்கள். சட்டம் அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் என்று எந்த விசரிக்குத் தெரியும்?

நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதிக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அவள் தள்ளிப் போய் இருந்தாள். அன்றிலிருந்து "ஓம்", "இல்லை", "சாப்பிட்டன்". அவ்வளவுதான் கதை. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு தனித்துப்போவது எப்படி என்று அந்த மாதம்தான் அறிந்தேன். வேலை செய்யப் போன வீட்டில் பூனையோடு தமிழில் கதைத்தேன், சத்தியமாக.

சின்ன வகுப்பிலிருந்தே வாய்மொழிச் சோதனைக்கு முன் அவள் ஒப்புவிக்க, நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்த இத்தாலிய மொழி எனக்கு விளங்காது. தடக்குகிறாளா இல்லையா என்று மட்டும் பார்ப்பேன். சரித்திரச் சோதனைக்கு முதல் நாள் பின்னேரம், வேறு ஆளில்லாமல், புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். கடகடவென்று சொல்லி முடித்தாள்.

"என்ன பிள்ளை இது? தமிழிலை சொல்லு."

"அமெரிக்காவிலை பதின்மூண்டு குடியேற்றம் அம்மா. கடலுக்கு அங்காலை இருந்த இங்கிலாந்து ராசா வரி எடுத்தார், பாராளுமன்றத்திலை இடம் குடுக்கேல்லை. அவை ராசா செய்த பிழையெல்லாத்தையும் ஒவ்வொண்டா எழுதி, கீழை கையெழுத்து வைச்சுப் பிரிஞ்சவை."

"பிறகு நல்லா இருந்தவையோ?"

"எங்கை! வரி எடுக்க அதிகாரமே இல்லாத ஒரு அரசாங்கத்தை வைச்சுக்கொண்டு திண்டாடினவை. திரும்பவும் கூடி இருந்து புதுச் சட்டம் எழுதினவை. அப்பவும் அடிமையள் அடிமையள்தான், பொம்பிளையளுக்கு வாக்கும் இல்லை."

"நாசமாப் போக!" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்குத் துணிவு வந்துவிட்டது.

"என்ரை பிழையளையும் அப்பிடி எழுதன் பிள்ளை. பிரஜாவுரிமையைப் பாழாக்கினது எண்டு முதலாவதா எழுது."

அவள் புத்தகத்தை மூடினாள். "அதுக்கு வேறை வழியிருக்கு. பிந்தும், ஆனால் கிடைக்கும். அந்த ரெண்டு வருசத்திலை ஒருக்கா எண்டாலும் என்னைப் பாக்க வந்தனீங்களோ? நான் எழுதினால் அதைத்தான் எழுதுவன்."

அப்போது என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், அந்த வதிவிட அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளிக்கிட ஏலாது என்றுதான் இவ்வளவு காலமும் எல்லாருக்கும் சொல்லி வந்தேன். அவளிடமும் சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். பெர்மெஸ்ஸோ நாலு மாதத்திலேயே கைக்கு வந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் சிஞ்ஞோராவிடம் நான் லீவு கேட்கவேயில்லை.